மணியை அழைத்துவரப் போன பயணம்

1

ஊரிலிருந்து, ஆப்பிரிக்காவில் நான் இருக்கும் டாக்கருக்குக் கடிதம் போடுகிறவர்களில் சிலர் கடைசியில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்: "உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?" என்னை அறியாதவர்கள்தான் அப்படிக் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். கோட்டுச்சேரியில் எங்கள் தெருவுக்கே விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருப்பதில் நம் ஊர்க்காரர்களை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது.

போன வாரம் பிரான்சிலிருந்து ஒரு போன் வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் போனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முன்கதை தெரியாமல் சொன்னால், இதற்கா இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்று சிரிப்பீர்கள்.

நான் தனலெட்சுமி. நெரவியில் பிறந்து கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவர் என்பதால் செனகல் நாட்டில் வேலை கிடைத்தது. வந்து பதினைந்து வருடம் ஆகிறது. டாக்கரில் தெருவுக்குத் தெரு வேப்பமரம். இங்கேயும் மீனும் சோறும்தான் சாப்பாடு. நாம் கடைந்து சாப்பிடும் புளிச்சக்கீரைக்கு ஒரு தங்கச்சி இங்கே உண்டு, அதன் சிவப்புப் பூவை ஊறவைத்துச் சர்பத் போட்டுக் குடிக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் ஆறுதலாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எரிச்சலாக இருந்தது. எல்லாம் ஊர் மாதிரியே இருக்க, ஒன்று மட்டும் இல்லையே என்று.

அந்த ஒன்று மணி. என் மகன். காகிதத்தில் அவன் என் மகன் இல்லை.

2

இவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது, யார் பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். என் மாமனார் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பங்கு பிரித்துவிட்டார். "பெரியவன் அங்க இருக்கட்டும். சின்னவன் இங்க இருந்து நெலத்தப் பாக்கட்டும்." பெரியவர் பிரெஞ்சுக்காரர் ஆனார். இவர் இந்தியரானார். நிலத்தை யாரும் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

மூத்தாருக்கும் என் ஓர்ப்படி கோமதி அக்காவுக்கும் பிள்ளை இல்லை. நான் மணியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது அவர்கள் லீவில் ஊருக்கு வந்திருந்தார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த மறுநாள் மூத்தார் பேச்சை எடுத்தார்.

"தம்பி, பொறக்கப்போற பிள்ளைய எங்க பேருல பதிஞ்சிடுவோம். பொறக்கும்போதே பிரெஞ்சுக்காரனா பொறப்பான். நாளைக்கு அவன் எங்க வேணும்னாலும் போகலாம், வரலாம். வளக்கப்போறது நீங்கதான். பேருக்குத்தானே?"

இப்படிச் செய்த குடும்பங்கள் வேறு இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. பிரெஞ்சுக் காகிதம் என்றால் எங்கள் பக்கத்தில் அன்று அப்படி ஒரு மோகம். சாதகம் கணித்து வைப்பதுபோல, பிள்ளைக்கு ஒரு நல்ல காகிதம் செய்து வைக்கிறோம் என்றுதான் நினைத்தோம். வீட்டிலேயே பிரசவம். பிறப்பு இறப்புப் பதிகிற கொம்யூன் அலுவலகத்தைப் பெரியவர்கள் இன்னமும் மேரி என்றுதான் சொல்வார்கள். மேரியில் போய் மூத்தார் பதிந்துவிட்டு வந்தார். அப்பா அவர், அம்மா கோமதி. நான் தீட்டுக் கழியாமல் படுத்திருந்தேன். யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை.

அவர்கள் பிரான்சுக்குத் திரும்பிப் போனார்கள். மூன்று வருடம் மணி என் இடுப்பிலேயே வளர்ந்தான். பிறகுதான் இவருக்கு டாக்கர் வேலை வந்தது. அந்தக் காலத்தில் குழந்தையைத் தாயின் பாஸ்போர்ட்டில் சேர்ப்பார்கள். என் பாஸ்போர்ட்டில் எப்படிச் சேர்ப்பது? நான்தான் அவனுக்குத் தாயே இல்லையே! அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சரி, ரெண்டு வருடம் பெரியப்பா வீட்டில் இருக்கட்டும், நாம் அங்கே காலூன்றியதும் அழைத்துக்கொள்ளலாம் என்றார் இவர். கோமதி அக்கா அவனை அழைத்துப்போக வந்தார்.

பாஸ்போர்ட்டுக்காகப் பிள்ளையைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் அலுவலகத்தில் காட்ட வேண்டும். அங்கே கேள்வி கேட்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை உளறிவிட்டால்?

அதனால் நான் அவனைப் பழக்கினேன்.

ஆமாம், நான்தான். பொரிவிளங்காய் உருண்டை பிடித்து டப்பாவில் வைத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். வறுத்த மாவில் வெல்லப்பாகு ஊற்றிப் பிடிப்பது, கல் மாதிரி இருக்கும். பிள்ளையால் கடிக்க முடியாது. நான் என் பல்லால் கடித்து உடைத்துத் துண்டு துண்டாக ஊட்டுவேன். கிணற்றடியில் துவைக்கிற கல்லில் அவனை உட்கார வைத்துக் கேட்பேன்.

"அம்மா எங்கடா?"

என்னைக் காட்டுவான். உருண்டை கிடையாது.

"அம்மா எங்க?"

கோமதி அக்காவைக் காட்டினால் ஒரு துண்டு. "நான் யாரு?" "சித்தி" என்றால் இன்னொரு துண்டு. முதல் நாள் அழுதான். இரண்டாம் நாள் என் கன்னத்தில் அறைந்தான். நான்காம் நாள் பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரப் பிள்ளை.

புதுச்சேரியில் அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். மணி கோமதி அக்காவைக் காட்டினான். காட்டிவிட்டு, உருண்டை எங்கே என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

3

ரெண்டு வருடம் என்றது ஆறு வருடம் ஆனது. முதலில் இவர் வேலை நிரந்தரமாகவில்லை. பிறகு வீடு. பிறகு எனக்கு இரண்டு கரு தங்காமல் போனது. மருத்துவர் இனி வேண்டாம் என்றார். மாதம் ஒரு கடிதம் பிரான்சிலிருந்து வரும். "அன்புள்ள சித்தப்பா சித்திக்கு" என்று மணி கோணல் மாணலாகத் தமிழில் எழுதுவான். கோமதி அக்காதான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தனியே எனக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதுவார்: "பள்ளிக்கூடத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் காகிதம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது தனம். அதனால் வீட்டிலும் என்னை அம்மா என்றே கூப்பிடப் பழக்கியிருக்கிறேன்." எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். பழக்கியவள் யார் என்று யோசித்ததும் கோபம் அடங்கிவிடும்.

பக்கத்து வீட்டு ஆவா ஒருநாள் என்னைக் கேட்டாள், பிள்ளை இல்லையா என்று. அவள் பேசும் பிரெஞ்சும் என் பிரெஞ்சும் அரைகுறை, அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரியும். சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சமும் அதிரவில்லை.

"என் ரெண்டாவது மகன் என் அக்கா வீட்டில்தான் வளர்கிறான். அவளையும் அம்மா என்பான், என்னையும் அம்மா என்பான். இதில் என்ன?"

இதில் என்ன என்று எனக்கும் அன்றுதான் புரிந்தது. பிள்ளையைக் கொடுத்தது தப்பில்லை ஆவா, பேரை மாற்றிக் கொடுத்தோம் பார், அதுதான் தப்பு. இதைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை.

அதன் பிறகு இவரை நான் நிம்மதியாக இருக்க விடவில்லை. எழுபத்தொன்பதில், கோடை விடுமுறையில் கிளம்பினோம். டாக்கரில் பள்ளிக்கூடத்தில் மணிக்கு இடம் பேசி வைத்தாயிற்று. அவனுக்கென்று ஒரு கட்டில் வாங்கிக் கொசுவலை கட்டினேன். போவது இருவர், வருவது மூவர். அதுதான் திட்டம்.

பயணத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில், பாரிசில் இறங்கியதும் காட்ட ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், ஊர், கணவர் வேலை. அடுத்த கட்டம் பிள்ளைகள் எத்தனை. நான் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"இல்லைன்னு போடு" என்றார் இவர்.

"நீங்களே போடுங்க. என் கையால போட மாட்டேன்."

அவர்தான் போட்டார். கையெழுத்து மட்டும் என்னுடையது.

பாரிசில் இறங்கியதும் போலீஸ்காரர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஆறு வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டது: "என் மகனைப் பார்க்க." அவர் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இதில் பிள்ளைகள் இல்லை என்று இருக்கிறதே, அம்மா? இவர் என் காலை மிதித்தார். "அவளுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. என் அண்ணன் மகனைத்தான் அப்படிச் சொல்கிறாள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது வழக்கம்" என்று சமாளித்தார். போலீஸ்காரர் சிரித்து முத்திரை குத்தினார். வெளியே வந்து நான் இவரோடு ஒரு மணி நேரம் பேசவில்லை.

4

மூத்தார் வீடு பாரிசுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், நான்காவது மாடியில். கதவைத் திறந்தது மணி. ஒன்பது வயது. என் மூக்கு, இவருடைய காது. இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தான், அந்த ஊர் வழக்கப்படி. "வாங்க சித்தி, வாங்க சித்தப்பா" என்றான். சுத்தமாகச் சொன்னான். நான் சொல்லிக்கொடுத்ததை அவன் மறக்கவே இல்லை.

மூன்று வாரம் இருந்தோம். கோமதி அக்கா என்னோடு ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவர் சண்டையே போடவில்லை. போன மறுநாளே மணியின் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார். தினமும் ஒன்று வைப்பார். ஒருநாள் ஸ்வெட்டர் வைத்தார்.

"அக்கா, டாக்கர்ல எதுக்கு ஸ்வெட்டர்? வேத்து ஊத்தும்."

"தெரியும் தனம். சும்மா கெடக்கட்டும்."

சாப்பிடும்போது மீனில் முள் எடுத்து அவன் தட்டில் வைப்பார். ஒன்பது வயதுப் பயலுக்கு முள் எடுத்துத் தருவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் நான் முந்திக்கொண்டு முள் எடுத்து வைத்தேன். அவன் தட்டைப் பார்த்தான், பிறகு கோமதி அக்காவைப் பார்த்தான். அவர் தலையாட்டிய பிறகுதான் சாப்பிட்டான்.

மைனர் பிள்ளை நாட்டைவிட்டுப் போக, தகப்பன் அந்த ஊர் மேரியில் வந்து கையெழுத்திட வேண்டுமாம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஐந்து பேரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், கண்ணாடி போட்டவர், நல்ல மாதிரி. குடும்பப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி உரக்க வாசித்தார். தகப்பன் இன்னார். தாய் இன்னார். தாய் என்ற இடத்தில் நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தார்.

"நானில்லை" என்றேன். "அவர்."

"மன்னிக்கவும். பையனுக்கு உங்கள் மூக்கு. அதனால் தவறிவிட்டேன்."

மூத்தார் இருமினார். இவர் கூரையைப் பார்த்தார். மணிக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. "நான் எங்க அம்மா மாதிரிதான் இருக்கேன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கோமதி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த அம்மாள் அவனைச் சமாதானப்படுத்த, சித்தியோடு ஆப்பிரிக்கா போகிறாயா, சந்தோஷமா என்று கேட்டார். போகிறேன் என்றான். எத்தனை நாள்? அதற்கு அவன் கோமதி அக்காவைப் பார்த்துத் தமிழில் கேட்டான்.

"அம்மா, நீங்க எப்ப வந்து என்னைக் கூட்டிட்டு வருவீங்க?"

கோமதி அக்கா அவன் சட்டைக் காலரைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது காலர். புதுச்சேரியில் அன்று நானும் அப்படித்தான் ஒன்றுமில்லாத இடத்தில் அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

மூத்தார் பேனாவை எடுத்தார். அப்போது நான் பேசினேன். எல்லோருக்கும் முன்னால், என் அரைகுறைப் பிரெஞ்சில்.

"வேண்டாம், மதாம். அவன் வரவில்லை."

இவர் திரும்பி என்னை முறைத்தார். நான் அதற்குள் வெளியே நடந்துவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் கோமதி அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தனம் அப்படிச் சொல்லிட்ட? நான் மனசத் தயார் பண்ணி வச்சிருந்தேன்டி."

"ஒரு தடவை அந்தப் பிள்ளைய அம்மாகிட்டேர்ந்து பிரிச்சாச்சுக்கா. நாந்தான் பிரிச்சேன். இன்னொரு தடவை என்னால ஆவாது."

அவர் நடுத்தெருவில் நின்று அழுதார். வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். "நான் கண்ண மூடறதுக்குள்ள அவங்கிட்ட சொல்லிடுவேன். சத்தியமா சொல்லிடுவேன்" என்று என் உள்ளங்கையில் அடித்தார்.

டாக்கருக்கு இருவராகத் திரும்பினோம். கட்டிலையும் கொசுவலையையும் ஆவாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

5

போன வருடம் கோமதி அக்கா காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மணிதான் போன் செய்தான்.

"சித்தி, அம்மா போயிட்டாங்க."

பெற்ற பிள்ளை வாயால் அம்மா செத்துவிட்டாள் என்று கேட்ட தாய் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? "அழாதப்பா, சித்தி இருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? எங்களுக்குக் காகிதம் கிடைத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். போகவில்லை. பிறகு ஒரு படம் வந்தது. தலையை மழித்துக்கொண்டு, கோமதி அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். தாய் உயிரோடு இருக்கும் பிள்ளை தாய்க்காக மொட்டை போட்டுக்கொள்வது உண்டா? நான் அதைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன், யாரை என்று தெரியாமல். கோமதி அக்காவுக்காகவும் அழுதேன். அதுவும் உண்மை.

அவர் சொன்னாரா, சொல்லாமலே போய்விட்டாரா? ஒரு வருடமாக இதே யோசனை. மூத்தாரைக் கேட்டால், "எனக்குத் தெரியாதும்மா. எனக்கு நாக்கு எழும்பல" என்கிறார்.

போன வாரம் மணி போன் செய்தான். பதினெட்டு வயது, குரல் அப்படியே இவர் குரல். இவர் என் பக்கத்தில் வந்து நின்று காதை ஒட்டிக்கொண்டார்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும்."

தெரிந்துவிட்டது, கேட்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

"சொல்லுப்பா."

"அம்மாவுக்குத் தலத்தெவசம் வருது. அப்பா ஏதோ சமைக்கிறேங்கிறாங்க. படையல்ல ஒண்ணு வைக்கணும்னு எனக்கு ஆசை. எனக்கு ஊரப் பத்தி ஒரே ஒரு ஞாபகந்தான் இருக்கு. ஒரு கல்லு மேல உக்காந்திருக்கேன், பக்கத்துல கெணறு. அம்மா ஒரு உருண்டைய பல்லால கடிச்சு ஒடச்சு என் வாயில வக்கிறாங்க. மொகம் ஞாபகமில்ல. இனிப்பா, சுக்கு வாசனையா, கல்லு மாதிரி. அது பேரு என்ன சித்தி? எப்படிச் செய்யணும்?"

இவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். சொல்லு, இப்ப சொல்லு என்று வாயசைத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். ஒரு வருடம் முன்புதான் தாயைப் பறிகொடுத்த பிள்ளை. அவனிடம், நீ கொள்ளி வைத்தவள் உன் தாய் இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வேன்? அந்த வாயால்தான் முன்னொரு காலத்தில் சொல்லிக்கொடுத்தேன், அவள்தான் உன் அம்மா என்று.

"அது பொரிவிளங்காய் உருண்டைப்பா" என்றேன். "எழுதிக்க."

புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, தனித்தனியாக வறுக்க வேண்டும், சேர்த்துப் போட்டால் கருகிவிடும் என்று சொன்னேன். சுக்கு, ஏலம், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு நிற்க வேண்டும். சூட்டோடு பிடிக்க வேண்டும், கை சுடும், பொறுத்துக்கொள். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டான். வெல்லம் கிடைக்காவிட்டால் பழுப்புச் சர்க்கரையில் செய்யலாம் என்றேன்.

எழுதி முடித்தவன் கேட்டான்.

"அம்மா பிரான்சுல ஒரு நாள்கூட இதைச் செஞ்சதே இல்ல சித்தி. நானும் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். அழுவாங்களே தவிர செய்ய மாட்டாங்க. ஏன்?"

"அங்க வெல்லம் கெடச்சிருக்காதுப்பா" என்றேன்.